அளவு நோட்டு

என் அளவு நோட்டில் அம்மாவுக்கு ஆறு வரிகள் இருக்கின்றன. முதல் வரி 1998. அந்த வருஷம்தான் தையல் பழகி முடித்து, கோத்தகிரியில் சொந்தமாக மிஷின் போட்டேன். முதல் ஜாக்கெட் அம்மாவுக்குத்தான். முன் உயரம் 14½, பின் உயரம் 14. அடுத்த வரி 2005, அளவு மாறவில்லை. 2013-ல் முன் 14, பின் 14¼. 2018-ல் முன் 13½, பின் 14½. 2023 தீபாவளிக்கு எடுத்தபோது முன் 13, பின் 14¾. ஆறாவது வரிக்குப் பிறகு வருகிறேன்.

தையல் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்நேரம் பிடித்திருப்பார்கள். முன்பக்கம் குறைந்து பின்பக்கம் கூடிக்கொண்டே போனால், அந்த உடம்பு முன்னால் மடங்குகிறது என்று பொருள். நான் பிடிக்கவில்லை. "பின்னாடி ஏறிக்கிட்டு நிக்குது புள்ள, கழுத்து தூக்குது" என்று அம்மா ஜாக்கெட்டைக் கொண்டுவந்து போடுவார். நான் டேப்பை வைத்துப் பார்த்து, மாறின அளவை எழுதி, அதற்குத் தகுந்த மாதிரி வெட்டிக் கொடுத்துவிடுவேன். வயசானால் கூன் விழும், அவ்வளவுதானே. இன்ஸ்கர்ட் உயரம் மட்டும் 1998-லிருந்து இன்று வரைக்கும் 36 தான். ஆக, கால் குட்டையாகவில்லை. கழுத்துக்கும் இடுப்புக்கும் நடுவில்தான் ஏதோ போயிருக்கிறது. இந்தக் கணக்கு இருபத்தைந்து வருஷமாக என் மேஜை டிராயருக்குள்ளேயே கிடந்தது.

அம்மா 1953-ல் இலங்கையில், பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டு, 1974-ல் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் சில நாள் இருந்து, நீலகிரிக்கு வந்து சேர்ந்த குடும்பம். அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து. இடுப்பில் படங்கைக் கட்டி, முதுகில் கூடையைப் போட்டுக்கொண்டு சரிவில் நின்றால் மத்தியான நிறுவைக்குத்தான் இறங்குவார்கள். காலையில் பால் இல்லாத சாயத் தேத்தண்ணி, ரொட்டி, சம்பல். பாலும் தயிரும் வீட்டுக்குள் வந்தது நாங்கள் தலையெடுத்த பிறகு. எங்கள் அம்மாயியும் கடைசிக் காலத்தில் வளைந்து, தரையைப் பார்த்தபடிதான் நடப்பார். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வயசான பெண்கள் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். கூடை சுமந்த முதுகு என்று சொல்லிக்கொள்வோம். அதில் ஒரு பெருமை கூட இருந்தது.

2023 தீபாவளி முடிந்த வாரம் குன்னூரில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறோம். மழை, பஸ்ஸில் கூட்டம், கடைசி சீட்டில்தான் இடம் கிடைத்தது. ஒரு வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கியதில் கடைசி சீட்டு மொத்தமும் மேலே போய்க் கீழே விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்த கை அப்படியே இருக்க, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் கழித்து, "சளுக்குன்னுச்சு" என்றார்.

வீடு வரைக்கும் நடந்தேதான் வந்தார். அதனால்தான் ஏமாந்தோம். எலும்பு உடைந்திருந்தால் நடக்க முடியுமா?

அடுத்த ஐந்து வாரங்கள் நாங்கள் செய்ததை இப்போது எழுதக் கை கூசுகிறது. முதலில் நீவி விடுகிறவரிடம் போனோம். அவர் அம்மாவை முன்னால் குனிய வைத்து, எண்ணெய் போட்டு, கட்டைவிரலால் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் அழுத்தினார். அன்றைக்கு ராத்திரி அம்மா படுத்த பாட்டைப் பார்த்து, "நல்லா நீவியிருக்கார், அதான் வலிக்குது" என்று நானே சமாதானம் சொன்னேன். வலி முதுகில் நிற்காமல் பட்டை போட்ட மாதிரி விலாவைச் சுற்றி முன்னால் வந்தது. உடனே அது வாயுவாகிவிட்டது. பூண்டுப் பால், ஓமத்தண்ணி, கேஸ் மாத்திரை. அப்புறம் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "தேய்மானம், வயசுக்கு இருக்கிறதுதான்" என்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

இந்தத் 'தேய்மானம்' என்ற சொல்லின் மேல் எனக்குத் தீராத கோபம். மூட்டு வலித்தால் தேய்மானம், கழுத்து வலித்தால் தேய்மானம், எலும்பு நொறுங்கினாலும் தேய்மானம். மூட்டில் தேய்வது எலும்புகளுக்கு நடுவே இருக்கிற வழுவழுப்பான குருத்தெலும்பு. அம்மாவுக்கு வந்தது வேறு. அது எலும்புப்புரை. புரையோடின கட்டை என்கிறோமே, அந்தப் புரை. வெளியே பார்த்தால் கட்டை அதே தடிமன்தான், தட்டினால் உள்ளே வெறுமை தெரியும். தேய்மானம் என்றால் என்ன செய்ய முடியும், செருப்பு கூடத்தான் தேய்கிறது என்று ஆள் ஓய்ந்துவிடுவார். புரை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே இன்னொரு டாக்டரைத் தேடியிருப்பேனோ என்னவோ.

ஐந்து வாரத்துக்கு அப்புறம் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனோம். பஸ் வேண்டாம் என்று கார் எடுத்தோம். முன் சீட்டில் இரண்டு பக்கமும் தலையணை வைத்து, அரவேணு, குஞ்சப்பனை எல்லாம் தாண்டி மேட்டுப்பாளையம் இறங்குகிற வரைக்கும் ஒவ்வொரு குழிக்கும் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அந்த ரோட்டில் இத்தனை குழி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலில் பார்த்த பெரிய ஆஸ்பத்திரியில் படத்தைப் பார்த்ததும், நாளைக்கே ஊசி வழியாக எலும்புக்குள் சிமென்ட் ஏற்றிவிடலாம் என்றார்கள். கேட்டதும் எனக்கு நிம்மதிதான். திருப்பூரிலிருந்து வந்திருந்த தம்பிதான் இன்னொருத்தரையும் கேட்டுவிடலாம் என்று பிடிவாதமாக நின்றான். அப்படிப் போய்ச் சேர்ந்ததுதான் இந்த டாக்டரம்மா.

அவர் படத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு அம்மாவை எழுந்து நிற்கச் சொன்னார். குதிகால், பிருஷ்டம் இரண்டும் சுவரில் படும்படி நிறுத்தி, "தலையைச் சுவத்துல ஒட்டுங்கம்மா" என்றார். ஒட்டவில்லை. அம்மா முகவாயைத் தூக்கிப் பார்த்தார், தோளை இறக்கிப் பார்த்தார். பின்தலைக்கும் சுவருக்கும் நடுவே என் கை தாராளமாகப் போயிருக்கும். அடுத்து, பக்கவாட்டில் விலா முடிகிற இடத்துக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் விரல்களை வைத்துப் பார்த்தார். சாதாரணமாக மூன்று விரலாவது போக வேண்டுமாம். அம்மாவுக்கு ஒரு விரல்தான் போனது.

எனக்கு அந்த இடத்தில்தான் பொட்டென்று உறைத்தது. இன்ஸ்கர்ட் நாடா கட்டுகிற இடம் அது. இரண்டு மூன்று வருஷமாகவே நாடா விலாவில் உரசுகிறது, புண்ணாகிறது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். நான் நாடாவுக்குப் பதில் அகலப் பட்டி வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தேன். ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நெம்புகிறது என்பார், அதற்குக் கேஸ் மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தேன். விலாக்கூடு இறங்கி இடுப்பின் மேல் உட்கார்ந்துவிட்டால் வயிற்றுக்கு எங்கே இடம்? அது முன்னால்தான் தள்ளிக்கொண்டு வரும். தொப்பை என்று நான் நினைத்து இடுப்புச் சுற்றளவில் கூட்டிப் போட்டதும் அதுதான்.

கடைசியாக இரண்டு கையையும் விரிக்கச் சொல்லி, விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரைக்கும் அளந்தார். 155 சென்டிமீட்டர். நின்ற உயரம் 147. கை நீட்டின அளவு ஏறக்குறைய இளவயது உயரத்துக்குச் சமம், கை எலும்பு இப்படிக் குறுகுவதில்லை. "நாலு சென்டிமீட்டருக்கு மேல உயரம் குறைஞ்சாலே முதுகெலும்பைப் படம் எடுத்துப் பார்க்கணும். உங்கம்மாவுக்கு எட்டு போயிருக்கு. யாரும் அளந்து பார்க்கலையா?" என்றார். தொழில் என்ன என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பக்கவாட்டில் புதிதாக ஒரு எக்ஸ்ரே, அப்புறம் எம்.ஆர்.ஐ. படத்தைத் திருப்பி வைத்து எங்களுக்கும் காட்டினார். முதுகெலும்பு என்பது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கின கட்டைகள். மற்றதெல்லாம் சதுரமாக இருக்க, மூன்று மட்டும் முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி இருந்தன. விலா எலும்பு சேர்கிற கடைசி முள்ளெலும்பு, அதாவது டி-12, எம்.ஆர்.ஐ.யில் பளிச்சென்று தெரிந்தது. அது புதிது. அதற்குக் கீழே எல்-1, மேலே நடு முதுகில் டி-8, இரண்டும் பழையவை, எப்போதோ உடைந்து அந்தக் கோணலிலேயே கூடிவிட்டவை. விலாக்கூட்டின் விறைப்பு முடிந்து இடுப்பின் அசைவு ஆரம்பிக்கிற சந்திப்பு என்பதால் டி-12, எல்-1 இரண்டும்தான் அதிகம் அடிவாங்குமாம்.

முள்ளெலும்பின் உடம்பு மேலே மெல்லிய ஓடு, உள்ளே வலைவலையான எலும்பு. அந்த வலையின் இழைகள் அறுந்துகொண்டே வந்தால் ஓடு மட்டும் தாங்காது. எனக்கு நம் ஊர் பேக்கரியில் விற்கிற மொறுமொறுப்பான வர்க்கிதான் ஞாபகம் வந்தது. வர்க்கியை மேஜையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் சத்தம் வரும், உயரம் குறையும், ஆனால் தூளெல்லாம் அங்கேயேதான் இருக்கும். முன்பக்கம் நசுங்கக் காரணமும் இருக்கிறது. நாம் குனியும்போது பாரம் முன்பக்கத்தில் விழுகிறது. பின்பக்கத்தில் வளையம் போல் கெட்டியான எலும்பு முட்டுக் கொடுக்கிறது. பெரும்பாலும் அந்த வளையத்துக்கும் தண்டுவடத்துக்கும் ஒன்றும் ஆகாததால் ஆள் நடக்கிறார், உடைந்தது தெரிவதில்லை. இப்படி நொறுங்குகிறவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அப்போதைக்குக் கண்டுபிடிக்கப்படாமலே போகிறதாம்.

"பஸ்ஸில கடைசி சீட்டா?" என்று நாங்கள் சொல்வதற்கு முன்னாலேயே கேட்டார். பின் சக்கரத்துக்கும் பின்னால் துருத்திக்கொண்டிருக்கிற இடம் அது. சக்கரம் மேட்டில் ஏறினால் அங்கே உட்கார்ந்திருப்பவரைத்தான் அதிகமாகத் தூக்கிப் போடும். தூக்கிப்போட்ட உடம்பு இறங்கவும் சீட் மேலே வரவும் சரியாக இருக்கும். இந்த மலையில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வளராதவர் யார்? பள்ளிக்கூடம் போகும்போது அதற்காகவே ஓடிப்போய் இடம் பிடிப்போம்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். 2013-ல் கொழுந்துச் சாக்கைத் தூக்கித் தராசில் வைக்கும்போது பிடித்துக்கொண்டது என்று அம்மா பத்து நாள் வேலைக்குப் போகவில்லை. அந்த வருஷம்தான் முன் உயரத்தில் அரை இஞ்ச் குறைந்திருக்கிறது. 2018 வரியில் குறைந்த அரை இஞ்சுக்கு எந்த ஞாபகமும் இல்லை. அம்மாவைக் கேட்டால், "வலிக்காத நாளு எது புள்ள, எதைன்னு சொல்றது" என்கிறார்.

டாக்டரம்மா கேட்ட கேள்விகள் வேறு திசையில் போயின. வீசிங்குக்கோ மூட்டு வலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டதுண்டா? இல்லை. (பக்கத்து வீட்டு அக்கா ஞாபகம் வந்தது. மழைக்காலம் முழுக்க மெடிக்கலில் நேராகப் போய் வீசிங் மாத்திரை வாங்கிப் போடுகிறவர். அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. மூன்று மாதம் தொடர்ந்தால் எலும்பைத் தின்றுவிடும் என்பதும் தெரியாது. இப்போது சொல்லிவிட்டேன்.) உங்கள் அம்மாவுக்கு (எங்கள் அம்மாயிக்கு) இடுப்பு உடைந்ததா? தெரியாது, கூன் இருந்தது. தீட்டு எப்போது நின்றது?

"நிக்கல டாக்டர். எடுத்துட்டாங்க" என்றார் அம்மா.

1992. அம்மாவுக்கு அப்போது 39 வயது. ரத்தப்போக்கு நிற்காமல் ஒரு வருஷம் அவதிப்பட்டு, ஓர் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அம்மா இன்னும் வைத்திருக்கிறார். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, "ரெண்டு சினைப்பையையும் சேர்த்து எடுத்திருக்காங்க" என்றார். எங்களுக்கு அது முப்பத்தொரு வருஷம் கழித்து வந்த செய்தி.

எலும்பு செங்கல் சுவர் மாதிரி கட்டி முடித்து விட்ட பொருள் இல்லையாம். உள்ளே இடிக்கிற செல்களும் கட்டுகிற செல்களும் ஆயுசு முழுக்க வேலை செய்கின்றன. முப்பது வயசு வாக்கில் எலும்பு அதன் உச்சக் கனத்துக்கு வந்துவிடும், அதற்கப்புறம் சேமிப்பைத்தான் செலவழிக்கிறோம். சினைப்பையில் சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் இடிக்கிறவர்களை மட்டுப்படுத்தி வைக்கிற மேஸ்திரி. மாதவிடாய் நின்றதும் மேஸ்திரி போய்விடுகிறார். அடுத்த ஐந்தாறு வருஷத்தில்தான் எலும்பு மளமளவென்று இறங்குகிறது. எல்லாப் பெண்களுக்கும் வருகிறதுதான், ஐம்பதை ஒட்டி வரும். அம்மாவுக்கு அது பத்து வருஷம் முன்னாலேயே, ஒரே நாளில், மயக்க மருந்தில் இருக்கும்போது நடந்துவிட்டது.

அன்றைக்கு அந்த ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கலாம். அதைச் சொல்ல நான் யார்? ஆனால் தையல் பிரிக்கிற நாளில், "இனிமே எலும்பைப் பார்த்துக்கோங்க" என்று ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருக்கலாம். எங்கள் லயத்தில் மட்டும் அப்படிக் கர்ப்பப்பை எடுத்த பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் தழும்பு ஞாபகம் இருக்கிறது, என்னென்ன எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேனில் இடுப்புக்கு டி-ஸ்கோர் மைனஸ் 3.4 வந்தது. இளவயதுப் பெண்களின் சராசரியோடு ஒப்பிட்டுச் சொல்கிற எண் இது. மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனம் 1994-ல் கோடு போட்டது. ஆனால் பஸ் குலுக்கலுக்கே முள்ளெலும்பு நொறுங்குகிறது என்றால், எண் என்னவாக இருந்தாலும் நோய் அதுதான் என்றார் டாக்டரம்மா. கூடவே ஒரு கட்டு ரத்தப் பரிசோதனை. முதுகெலும்பு நொறுங்கினால் நம் நாட்டில் டி.பி.யையும் பார்த்துவிட வேண்டும், மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயையும் பார்த்துவிட வேண்டும். காய்ச்சல், எடை குறைதல், கால் மரத்துப்போதல், சிறுநீர் பிரியாமை, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே ஓடி வாருங்கள் என்று சீட்டின் பின்பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தார். நல்லவேளை, எதுவும் இல்லை.

வைட்டமின் டி மட்டும் 11 இருந்தது. 20-க்குக் கீழே போனாலே குறைவு. அம்மாவுக்கு இது புரியவே இல்லை. "தெனமும் வெயில்லதான ஒக்காந்திருக்கேன்?" உண்மைதான். வேலையை விட்ட பிறகு ஸ்வெட்டர், ஸ்கார்ஃப், சாக்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு, ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் பூனை மாதிரி உட்கார்ந்திருப்பார். கண்ணாடி சூட்டை விடும், தோலில் வைட்டமின் டி உண்டாக்குகிற கதிரை விடாது. இப்போது மூடுபனி விலகின நாட்களில் வாசல் திண்ணையில் கையை மடக்கிவிட்டு உட்கார வைக்கிறேன். அது போதாதென்று முதல் எட்டு வாரம் வாரத்துக்கு ஒரு 60,000 யூனிட் பாக்கெட், பாலில் கலந்து.

சிமென்ட் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வைத்தியம் பிரான்ஸில் 1980-களில் ஆரம்பித்தது. ரொம்ப நாள் எல்லாரும் அற்புதம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2009-ல் இரண்டு ஆய்வுகள் வந்தன. பாதிப் பேருக்கு நிஜமாக சிமென்ட் ஏற்றினார்கள், மீதிப் பேருக்கு ஏற்றுவது போல் எல்லாம் செய்துவிட்டு ஏற்றவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் வலி ஏறக்குறைய ஒரே மாதிரி குறைந்தது. பின்னால் 2016-ல் வந்த இன்னொரு ஆய்வு, உடைந்து ஆறு வாரத்துக்குள் கடுமையான வலி இருப்பவர்களுக்குச் செய்தால் பலன் இருக்கிறது என்றது. ஆக, ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. "வலி கொஞ்சம் கொஞ்சமா குறையுதுன்னு அம்மாவே சொல்றாங்க. குறையற வலிக்கு எதுக்கு ஊசி? சிமென்ட் வெச்சா அந்த ஒரு எலும்பு நிக்கும். மத்த எலும்பு?" என்று கேட்டார் டாக்டரம்மா. ஒரு முள்ளெலும்பு நொறுங்கின பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு அடுத்த ஒரு வருஷத்துக்குள் இன்னொன்று போகிறது. அவர் கவலை முழுக்க அதில்தான்.

ஆறேழு வாரம் பெல்ட் போட்டோம். தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரைக்கும் வருகிற, பின்னால் இரண்டு பட்டைக் கம்பி வைத்த பெல்ட். கடையில் வாங்கினது அம்மாவின் அக்குளில் அறுத்தது. பிரித்து, பழைய ஃபிளானல் துணியை உள்ளே கொடுத்துத் தைத்தேன். இந்த விவகாரம் முழுவதிலும் என் தொழில் உருப்படியாகப் பயன்பட்டது அங்கே ஒன்றில்தான். படுத்தே கிடக்கவும் கூடாது என்றார்கள். படுத்தால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும். வலி தாங்குகிற அளவுக்கு எழுந்து நடக்க வேண்டும்.

மருந்துதான் பெரிய யோசனை. வாரம் ஒரு மாத்திரை இருக்கிறது, வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு டிரிப் இருக்கிறது. இரண்டும் இடிக்கிற செல்லைத் தடுப்பவை. அம்மாவுக்கு மூன்று எலும்பு போயிருப்பதால் முதலில் கட்டுகிற செல்லைத் தூண்டுகிற டெரிபாராடைட் போடலாம் என்றார். தினம் ஒரு ஊசி, இரண்டு வருஷம் வரை. பேனா மாதிரி ஒன்று, 28 நாளைக்கு வரும். செலவு அதிகம்தான், தம்பி பாதி போடுகிறான்.

அதை 2-லிருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதுவரைக்கும் ஃப்ரிட்ஜ் கிடையாது. இந்தக் குளிரில் எதற்கு? 2024 பிப்ரவரியில் ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியதும் லயத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தையலில் நல்ல வருமானம் போல என்று பேச்சு. உள்ளே ஒரு பேனாவும் ஒரு கட்டு கொத்தமல்லியும் இருந்தன.

முதல் ஊசி போடும்போது எனக்குக் கை நடுங்கியது. இருபத்தைந்து வருஷமாக ஊசியோடு பிழைக்கிறவள். வயிற்றில் தொப்புளுக்குப் பக்கத்தில் தோலைக் கிள்ளிப் பிடித்து, முடி மாதிரி மெல்லிய ஊசியை வைத்தேன். 1992-ன் தழும்பு நேர் கீழே ஓடிக்கொண்டிருந்தது. "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு, பயப்படாம குத்து" என்று அம்மா எனக்குத் தைரியம் சொன்னார். முதல் சில நாள் ஊசி போட்டதும் கிறுகிறுப்பு வந்தது. பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் சரியாகிவிடும். இது முடிந்த கையோடு வருஷ டிரிப்புக்கு மாற வேண்டும், விட்டால் கட்டினதெல்லாம் திரும்ப இறங்கிவிடும். அதற்கு முன்னால் பல்லையும் பார்த்துவிட வேண்டுமாம், தாடை எலும்புக்கு அபூர்வமாக ஒரு கெடுதல் வருவதால். கடைவாயில் இரண்டு சொத்தைப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது.

இதையெல்லாம் விடக் கஷ்டமானது குனிய விடாமல் பார்த்துக்கொள்வது. 1984-ல் அமெரிக்காவில், எலும்புப்புரை வந்த பெண்களை வைத்து ஒரு சிறு ஆய்வு செய்திருக்கிறார்கள். முன்னால் குனிகிற பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிதாக முள்ளெலும்பு நசுங்கியது. முதுகை நிமிர்த்துகிற பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஆனால் அந்த இரண்டு எண்களும் என் தலையிலேயே நிற்கின்றன. காலைத் தொடு, முழங்காலில் நெற்றியை வை என்று யார் சொன்னாலும் அம்மாவுக்கு வேண்டாம். மல்லாக்கப் படுத்துத் தோள்பட்டைகளைத் தரையில் அழுத்துவது, சுவரில் சாய்ந்து முகவாயை உள்ளே இழுப்பது, நாற்காலியில் இருந்து கையூன்றாமல் எழுவது, இதுதான்.

சொல்வது சுலபம். அம்மாவின் ஒரு நாளே குனிவதால் ஆனது. நான் அரிவாள்மனையை எடுத்துப் பரணில் போட்டேன். கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வெங்காயமே நறுக்கவில்லை. விளக்குமாற்றுக்கு மூங்கில் காம்பு கட்டிக் கொடுத்தால், "இது ஆபீஸ் கூட்டுறதா?" என்று ஓரமாக வைத்துவிட்டார். குடத்தை எடுக்கக்கூடாது என்றால் சரி என்பார். நான் கடைக்குப் போனதும் எடுப்பார், இடுப்பில் ஈரம் இருக்கும். கோலம் மட்டும் நான் தோற்ற இடம். அதை விட முடியாது என்று சொல்லிவிட்டார். கடைசியில் ஒரு முக்காலியைப் போட்டு, முதுகை மடக்காமல் உட்கார்ந்து, கைக்கு எட்டுகிற அளவுக்கு நாலு புள்ளிக் கோலம்.

சாப்பாட்டில் கேழ்வரகு வந்திருக்கிறது. இந்தப் பக்கம் படகர் வீடுகளில் கேழ்வரகு ஹிட்டு ஆகி வந்த சாப்பாடு. நாங்கள்தான் ரேஷன் அரிசிக்கு மாறிப்போனவர்கள். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அம்மா வயசுக்கு நாளைக்கு 1,200 வேண்டும். களி, ஒரு டம்ளர் பால், முள்ளோடு நெத்திலிக் கருவாடு, மீதிக்கு மாத்திரை. சாயத் தேத்தண்ணி மட்டும் மாறவில்லை. பால் ஊற்றினால் அது தேத்தண்ணி இல்லையாம்.

எனக்கும் 47 ஆகிறது, தீட்டு நின்று ஒரு வருஷம். டெக்ஸாவில் மைனஸ் 1.4. நோய் இல்லை, ஆனால் அந்தப் பாதையில் கால் வைத்தாயிற்று. நாள் முழுக்க மிஷின் மேல் குனிந்திருக்கிற தொழில் வேறு. மேஜைக்கு அடியில் நாலு செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், பெருக்க வசதியாக என்று சொல்கிறேன்.

அளவெடுக்கும்போது இப்போது கண் தானாகப் போகிறது. ஜாக்கெட் பின்னால் தூக்குகிறது என்று ஐம்பது தாண்டின யாராவது வந்தால், பழைய வரியைத் தேடிப் பார்க்கிறேன். முன் உயரம் குறைந்திருந்தால், "அக்கா, முதுகுவலி இருக்கா? ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்களேன்" என்கிறேன். இரண்டு பேர் போய்க் காட்டி, மாத்திரை சாப்பிடுகிறார்கள். ஒருத்தர், "நீ தைக்கிற வேலையைப் பாரு" என்று துணியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவருடைய பட்டுப்புடவை ஜாக்கெட், நல்ல தையல் கூலி. போகட்டும்.

ஆறாவது வரி 2024 தீபாவளிக்கு எழுதினது. பஸ்ஸில் போன அந்த எலும்பின் கணக்கு அதில் இருக்கிறது. முன் 12½, பின் 15. ஓரமாக '8 மாசம் ஊசி' என்று பென்சிலில் குறித்து வைத்திருக்கிறேன்.

இந்தத் தீபாவளிக்கு அம்மாவுக்கு இலந்தைப்பழக் கலரில் ஒரு சுங்குடி எடுத்தோம். ஜாக்கெட் துணியைப் பிரித்துப் போட்டுவிட்டு அம்மாவை நிற்க வைத்தேன். தோளில் டேப்பின் நுனியை வைத்து முன்னால் இறக்கினேன். ஒரு தடவை பார்த்துவிட்டு, எடுத்து, மறுபடியும் வைத்துப் பார்த்தேன். 12½. பின்னால் 15.

"என்ன ரெண்டு ரெண்டு தடவை பாக்குற? இன்னும் குட்டையாயிட்டேனா?"

"இல்லம்மா. போன வருஷ அளவுதான்."

அம்மா என் கையிலிருந்த துணியைப் பார்த்தார். "அப்ப போன வருஷ ஜாக்கெட்டே போதுமே. இதுக்கு எதுக்கு வீணா துணியை வெட்டுற?"